ஒத்திகைக் கொட்டில்: திருகோணமலைக் கரையோர மெல்லிசைக் குழுக்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகத்தின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மேடையிலிருந்தே தொடங்குவர். அரங்கேற்றம், கச்சேரி, இசைத்தட்டு, வானொலி ஒலிபரப்பு ஆகியன நாள், இடம், பெயர் என்பவற்றோடு பதிவாகின்றன. அவற்றுக்கு அழைப்பிதழும் விமர்சனமும் புகைப்படமும் உண்டு. மேடைக்கு முன் பல இரவுகள் நடைபெறும் ஒத்திகைக்கோ இவற்றுள் எதுவும் இல்லை. ஈழத்துத் தமிழ் மெல்லிசையைப் பொறுத்தவரை இது சிறு குறையன்று. இசையைத் தொழிலாகக் கொள்ளாத இளைஞர், பிறர் இயற்றிய திரைப்பாடல்களைக் காதாற் கேட்டுப் பயின்ற ஒத்திகைக் கொட்டில்களே இம்மண்ணின் சொந்தப் பாடல்கள் தோன்றுவதற்குரிய பயிற்சிக் களங்களாயின. அதனைத் திருகோணமலைக் கரையினை முன்வைத்து எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலும் பருவமும்

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துக் கடலோரமாக அமைந்துள்ள சிறிய தமிழ்க் கிராமம் சல்லி. மீன்பிடி இக்கிராமத்தின் வாழ்வு. கடற்கரையில் எழுந்துள்ள முத்துமாரியம்மன் கோயில் அதன் நடுநாயகம். அம்மனின் பொங்கல் விழாவுக்கு நகரிலிருந்தும் அயற் கிராமங்களிலிருந்தும் அடியார் திரள்வர். சடங்கும் பூசையும் முடிந்தபின் கூத்தோ நாடகமோ இசை நிகழ்ச்சியோ நடத்துவது கிழக்குக் கரைக் கிராமங்களின் நெடுநாள் வழக்கமாகும். மெல்லிசைக் குழுக்களுக்குக் கிடைத்த முதன்மையான மேடை இக்கோயில் வீதிகளே.

ஒத்திகைக்குரிய காலத்தை வகுத்துக் கொடுத்தது கடல். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். தோணிகள் கரையேற்றப்பட்டிருக்கும், வலைகள் பொத்தப்படும், கைகளுக்கு ஓய்வும் வயிற்றுக்கு வாட்டமும் ஒருங்கே வாய்க்கும். பங்குனிக்குப் பின் கடல் அடங்கியதும் கரைவலை தொடங்கிவிடும். வேளாண்மைக் கிராமத்தில் அறுவடை எவ்வாறு கலைக்குரிய காலத்தை வகுத்ததோ, அவ்வாறே கரையோரக் கிராமத்தில் கடலின் சீற்றம் அதனை வகுத்தது. பிழைப்பற்ற மாதங்களிலேயே பாட்டுக்கு நேரம் கிடைத்தது என்பது இக்கலையின் சமூக அடிப்படையை விளங்கிக்கொள்ள உதவும்.

ஒத்திகை என்னும் மரபு

கூடிப் பயிலும் பழக்கம் கிழக்கிலங்கைக்கு வானொலியோடு வந்ததொன்றன்று. கரைவலை இழுப்போர் பாடிய அம்பாப் பாடல்களில் ஒருவர் முன்னடி எடுக்க ஏனையோர் பின்னடி தொடர்வர். கயிற்றை இழுக்கும் கைகள் தாளத்தோடு ஒன்றாதுவிடின் வலை கரை சேராது. ஒருவரின் ஓசைக்கு மற்றவர் செவிகொடுத்தல் என்னும் இசையின் முதற் பாடத்தை இம்மக்கள் தொழிலிலேயே கற்றனர்.

நாட்டுக்கூத்தும் இத்தகையதே. மட்டக்களப்புப் பகுதியின் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களில் அண்ணாவியார் பாத்திரங்களுக்குரியோரைத் தெரிந்து பாடல்களைப் பகிர்ந்தளிப்பது ‘சட்டங் கொடுத்தல்’ எனப்படும். பல மாதப் பயிற்சியின் பின் சதங்கை அணியும் நிகழ்வு, அதன்பின் கூத்து முழுவதையும் ஆடிப்பார்க்கும் ‘அடுக்குப் பார்த்தல்’, இறுதியில் அரங்கேற்றம். ஊரே ஒத்திகையைக் கண்டது, பிழை பிடித்தது, திருத்தியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ முதலான கூத்துக்களைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றியபோது, கிராமத்து அண்ணாவிமாரின் இப்பயிற்சி முறையே பல்கலைக்கழகத்தினுள்ளும் புகுந்தது. மெல்லிசைக் குழுக்களின் ஒத்திகையும் இம்மரபின் மற்றொரு கிளையெனக் கொள்வதற்கு இடமுண்டு. மத்தளத்தின் இடத்தில் பொங்கோசும், அண்ணாவியாரின் இடத்தில் ஆர்மோனியம் வாசிப்பவரும் அமர்ந்தனர். ஊர் மட்டும் அதே ஊராயிருந்தது.

வானொலி என்னும் ஆசான்

இக்குழுக்களுக்குப் பாடல்களை வழங்கியது வானொலி. 1949இல் ‘ரேடியோ சிலோன்’ என்னும் பெயர் பெற்ற இலங்கை வானொலி, 1950இல் வர்த்தக சேவையைத் தொடங்கியது. 1952இல் இந்திய நடுவண் அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தினார். அதனால் தமிழகத்து நேயரும் திரையிசைக்காகக் கொழும்பையே நாட நேர்ந்தது. 1957இல் விவித்பாரதி தொடங்கப்பட்ட பின்னரும் இலங்கை வானொலியின் செல்வாக்கு எளிதிற் குறையவில்லை. சென்னையில் உருவான பாடல் கொழும்பிலிருந்து ஒலித்துத் தமிழகத்தையும் ஈழத்தையும் ஒரே வேளையில் அடைந்தது.

மின்சாரம் எட்டாத கிராமங்களுக்கு இப்பாடல்களைக் கொண்டு சேர்த்தது பற்றரியில் இயங்கும் வானொலிப் பெட்டி. 1950களின் நடுப்பகுதியில் மேனாடுகளில் விற்பனைக்கு வந்த திரான்சிஸ்டர் பெட்டி, அடுத்த பத்தாண்டுகளில் வாடிகளிலும் தேநீர்க் கடைகளிலும் இடம்பிடித்தது. ஆயினும் வானொலி கடுமையான ஆசான். அது பாடத்தை ஒருமுறையே சொல்லும், கேட்டதற்காகத் திரும்பச் சொல்லாது, நடுவே நிறுத்தாது. கிராமபோன் பெட்டியும் இசைத்தட்டும் வாங்க வழியற்ற இளைஞன், தான் விரும்பிய பாடல் மறுமுறை ஒலிபரப்பாகும் நாளுக்காகக் காத்திருந்தான்.

ஒத்திகையின் தொழிற்பாடு

இக்கட்டாயத்திலிருந்து ஒரு பயிற்சி முறையே உருவாயிற்று. பாடல் ஒலிக்கும் மூன்று அல்லது நான்கு நிமிடங்களுக்குள் கேட்பவர் வேலையைப் பங்கிட்டுக்கொண்டனர். ஒருவர் பல்லவியின் மெட்டைப் பிடிப்பார், மற்றவர் சரணத்தை, கருவி வாசிப்பவர் முன்னிசையையும் இடையிசையையும், தாளக்காரர் நடையை. பாடல் வரிகளுக்குத் திரையரங்க வாயிலில் விற்கும் பாட்டுப் புத்தகம் உதவியது. அது கிடைக்காதவிடத்துச் செவியில் விழுந்ததைப் பாட்டுக் கொப்பியில் எழுதி வைத்தனர். பின்னர் கொட்டிலிற் கூடி அவரவர் நினைவில் நின்ற துண்டுகளை ஒட்டவைத்தனர். இருவர் நினைவு முரண்படின் விவாதம் எழும். மறு ஒலிபரப்பே தீர்ப்பு வழங்கும்.

அடுத்த சிக்கல் கருவி பற்றியது. சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் வயலின் வரிசைகளும் குழலும் கிளாரினெற்றும் சித்தாரும் சேர்ந்து எழுப்பிய ஒலியை, இக்குழுக்கள் ஓர் ஆர்மோனியம், ஒரு புல்புல்தாரா அல்லது மண்டலின், ஒரு கிட்டார், ஒரு சோடிப் பொங்கோஸ் ஆகியவற்றுள் அடக்கவேண்டியிருந்தது. எதனை விடுவது, எதனை வைத்திருப்பது, வயலின்கள் வாசித்ததை எக்கருவிக்கு மாற்றுவது என்னும் முடிவுகள் ஒவ்வொரு பாடலுக்கும் எடுக்கப்பட்டன. ஆண்குரலுக்கும் பெண்குரலுக்கும் பொருந்தும் கட்டை வேறு. பெண்கள் இரவு ஒத்திகைக்கு வருவதற்குச் சமூகம் இடங்கொடாத அக்காலத்திற் பெரும்பாலான குழுக்களில் மென்குரலுடைய இளைஞனொருவனே பெண்ணின் பகுதியையும் பாடினான். அவனுக்கேற்பப் பாட்டு முழுவதையும் வேறு சுருதிக்கு மாற்றவேண்டும். சுரம் எழுதத் தெரியாதவர்கள் இவையனைத்தையும் செவியைக் கொண்டே செய்தனர்.

இங்கு ஓர் உண்மை புலனாகிறது. மூலப் பாடலை அவ்வாறே திரும்ப ஒலிக்கச் செய்வதே அவர்களது விருப்பம். அதற்குரிய வசதி இன்மையால் அவர்கள் ஒவ்வொரு பாடலையும் மீள அமைத்தனர். இசையமைப்பின் அரைப்பங்கு வேலை, அவ்வாறு பெயரிடப்படாமலே, கொட்டிலில் நிகழ்ந்தது. கருநாடக இசையைக் குருமுகமாகப் பயில்வதற்குப் பணமும் ஓய்வும் சமூக நிலையும் வேண்டியிருந்த ஒரு காலத்தில், மீனவர் மகனும் கூலித் தொழிலாளி மகனும் கட்டணமின்றி நுழையக்கூடிய இசைப்பள்ளி இதுவொன்றே எனின் மிகையாகாது.

துறைமுகத்தின் கொடை

திருகோணமலைக்குச் சிறப்பாக வாய்த்த மற்றொரு கூறும் ஈண்டு நோக்கத்தக்கது. அது துறைமுக நகர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர் என ஐரோப்பிய வல்லரசுகள் பலவும் அதற்காகப் போரிட்டன. 1957 ஒக்டோபரில் இலங்கையிடம் கையளிக்கப்படும்வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் அங்கு இயங்கியது. கிட்டாரும் அக்கோடியனும் மேனாட்டு நடன இசையும் உள்நாட்டுக் கிராமங்களை அடையுமுன்னரே துறைமுக நகரத்தார் செவிகளுக்குப் பழகிப்போயின.

திருகோணமலைப் பாலையூற்றிலும் மட்டக்களப்பிலும் வாழும் போர்த்துக்கேய வழிப் பறங்கியர், போர்த்துக்கேயச் சாயலுடைய கிரியோல் மொழியையும் ‘கப்பிரிஞ்ஞா’ என்னும் நடன இசையையும் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்துள்ளனர். வயலினும் கிட்டாரும் தோற்கருவியும் சேர்ந்தொலிக்கும் அத்துள்ளல் நடையோடு உறவுடையதே இலங்கை முழுவதும் பரவிய பைலா. 1940களில் வொலி பஸ்தியன் அதனைப் போட்டிப் பாடலாக வளர்த்தார். ஆண்டுதோறும் மேற்குக் கரையிலிருந்து சிங்கள மீனவர் பருவகாலத்தில் வந்து திருகோணமலைக் கரையில் வாடி அமைப்பது வழக்கம். அவர்களோடும் இந்நடை கரைக்குக் கரை சென்றிருக்கும் என எண்ண இடமுண்டு. எனவே இக்கரையின் இளைஞன் திரைப்பாடலைப் பயிலும்போதே அவனுடைய விரல்களில் வேறொரு தாளமும் குடியிருந்தது.

பயிற்சியிலிருந்து படைப்புக்கு

இச்சூழலின் விளைவாகத் திருகோணமலை ஈழத்து இசைக்கு அளித்த சகோதரர்களே எம். பி. பரமேஷ், எம். பி. கோணேஷ் ஆகியோர். பரமேஷ் – கோணேஷ் இசைக்குழு அக்காலத்தில் பலரும் அறிந்த பெயர். பரமேஷ் பாடி இசைத்தட்டாக வெளிவந்த ‘உனக்குத் தெரியுமா’ என்னும் பாடல் தென்னிந்தியத் திரைப்பாடலின் படியன்று. அவருடைய சொந்த ஆக்கம். ஈழத்தில் வெளிவந்த முதலாவது தமிழ் இசைத்தட்டு அதுவேயெனப் பெரிதும் கூறப்படுகிறது. கிட்டாரை முதன்மைப்படுத்திய அதன் எளிய அமைப்பு, சிறுதொகைக் கருவிகளுக்குள் பாடலை நிறுத்தப் பழகிய மேடைக் குழு மரபினையே நினைவூட்டுகிறது.

இதே காலப்பகுதியில் நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ முதலான பாடல்களைத் தந்தார். மாணவர் கூடிப் பாடும் களியாட்டச் சூழலிற் பிறந்த அப்பாடல்களுக்குத் ‘துள்ளிசை’ என்னும் பெயரும் வழங்கலாயிற்று. ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கலந்த பைலா நடைப்பாடல். கடலிலிருந்து கொண்டுவந்த மீனே அதன் பொருள். 1977இல் அது தமிழகத் திரைப்படமொன்றிலும் இடம்பெற்றது. சென்னைப் பாடல்களைக் கேட்டுப் பயின்ற தீவிலிருந்து ஒரு பாடல் சென்னைக்கே சென்றமை வரலாற்றின் இனிய திருப்பமாகும்.

1970க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் தென்னிந்தியச் சஞ்சிகைகள், திரைப்படங்கள் ஆகியவற்றின் மீதான வரையறைகளும் உள்ளூர் ஆக்கங்களுக்கு இடந்தந்தன. 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எனப் பெயர் பெற்ற வானொலி, ஈழத்து மெல்லிசைப் பாடல்களுக்குத் தனியிடம் அளித்தது. ஆர். முத்துசாமி, எம். றொக்சாமி போன்ற இசையமைப்பாளர் அப்பாடல்களுக்கு உருக்கொடுத்தனர். கொள்கை வாயிலைத் திறந்தது உண்மையே. ஆயினும் வாயில் திறந்தபோது உள்ளே நுழையப் பயிற்சிபெற்ற குரல்களும் கைகளும் ஆயத்தமாயிருந்தன என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும். அவ்வாயத்தம் ஒருநாளில் நேர்ந்ததன்று.

‘நகல்’ என்னும் குற்றச்சாட்டு

திரைப்பாடல் பாடும் குழுக்களைத் தேசிய இலக்கிய உணர்வு மிக்க விமர்சகர் பலர் ஏளனமாகவே நோக்கினர். அது தென்னிந்திய வணிகப் பண்பாட்டின் நகல், சுயமற்றது, ஈழத்துக் கலை வளர்ச்சிக்குத் தடையானது என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் நியாயமான பகுதி உண்டு. வெளியிலிருந்து வரும் பாடலே பாடல் என்னும் மனப்பான்மை உள்ளூர்க் கவிஞனின் வாயை அடைத்ததும் உண்மை. பல குழுக்கள் இறுதிவரை ஒரு சொந்தப் பாடலையேனும் இயற்றாது கலைந்தன.

ஆனால் பிறர் மெட்டிற் பயில்தல் தமிழிசை மரபுக்கு அந்நியமானதன்று. ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்னும் தலைக்குறிப்போடு அச்சான கீர்த்தனைகளும் சிந்துகளும் நாடகப் பாடல்களும் மிகப்பல. தமிழகத்திலே பாவலர் வரதராசனும் அவர்தம் தம்பியரும் நாடறிந்த திரை மெட்டுக்களில் அரசியற் கருத்துக்களை ஏற்றி மேடை மேடையாகப் பாடினர். அக்குழுவிற் பயின்ற இளையராஜா, பின்னர் எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் மெல்லிசைக் குழுவிலும் பணியாற்றினார். 1976இல் ‘அன்னக்கிளி’ திரைப்படத்தின் வாயிலாக வெளிப்பட்ட புதுமைக்குப் பின்னால் பிறர் பாடல்களை வாசித்த நீண்ட ஆண்டுகள் உள்ளன.

சிங்கள இசையின் வரலாறும் இதனையே காட்டுகிறது. முதலாவது சிங்களப் பேசும்படம் 1947இல் தென்னிந்தியாவில் உருவாக்கப்பட்டது. அதன்பின் வந்த பல படங்களின் பாடல்கள் இந்தி, தமிழ் மெட்டுக்களையே தழுவின. 1956இல் ‘ரேகாவ’ திரைப்படத்துக்குச் சுனில் சாந்த சுயமான இசையை வழங்கியபோது திருப்பம் ஏற்பட்டது. தமிழகத்தில் பிறந்து இலங்கையிற் குடியேறிய ஆர். முத்துசாமியே சிங்களத் திரையிசையின் மதிப்புமிக்க இசையமைப்பாளருள் ஒருவராயினார் என்பதும் மறக்கற்பாலதன்று.

உலக அரங்கில் மற்றுமொரு துறைமுக நகரை நோக்கலாம். இங்கிலாந்தின் லிவர்ப்பூலில் 1956இல் பள்ளி மாணவர் சிலர் அமைத்த குழு, அமெரிக்கப் பாடல்களைக் கேட்டுப் பயின்றது. பின்னர் பீட்டில்ஸ் என்னும் பெயரோடு 1960 முதல் 1962 வரை ஜெர்மனியின் ஹம்பர்க் துறைமுகத்து விடுதிகளிற் பலமணி நேரம் பிறர் பாடல்களையே பாடியது. 1963இல் வெளிவந்த அவர்களது முதலாவது நெடுந்தட்டின் 14 பாடல்களுள் 6 பிறருடையவை. அந்த 6 பாடல்களை எவரும் இன்று இழிவாகக் கருதுவதில்லை. ஏனைய 8 பாடல்களின் வேர் அங்கு உள்ளதென்றே கூறுவர். லிவர்ப்பூலுக்கு வழங்கும் நீதியைத் திருகோணமலைக்கு மறுப்பதற்கு நியாயமில்லை.

அழிந்த சுவடுகள்

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை, எழுபதுகளின் பிற்பகுதியில் இக்கரையையும் அடைந்தது. மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில்நாடிச் சென்றோர் ஒலிப்பதிவுக் கருவியோடு திரும்பினர். பாடலை வேண்டியவிடத்தில் நிறுத்தி, பின்னோக்கிச் சுழற்றி, மீண்டும் கேட்க முடிந்தது. ஒத்திகையின் பாரம் குறைந்தது; பலர் கூடி நினைவுகூரவேண்டிய தேவையும் குறைந்தது.

ஒத்திகையைக் குலைத்தது கருவியன்று; காலம். 1983 ஜூலை வன்செயல்கள், அதன்பின் மாவட்டக் கிராமங்களில் நேர்ந்த இடப்பெயர்வுகள், 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போர் ஆகியன திருகோணமலையின் தமிழ்க் கிராமங்களைச் சிதறடித்தன. மாலை இருண்டபின் நாலைந்து இளைஞர் ஒரு கொட்டிலிற் கூடுவதே ஐயத்துக்குரிய செயலாயிற்று. ஒத்திகைக்கு வேண்டியது கருவிகள் மட்டுமன்று. அச்சமின்றி வீடு திரும்பக்கூடிய இரவும் வேண்டும். பலர் தமிழகத்துக்கும் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றனர். பரமேஷும் ஜெர்மனியிற் குடியேறினார். எஞ்சியதன் மீது 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை புகுந்தது. இலங்கையில் 30,000க்கும் அதிகமான உயிர்களைக் கொண்ட அப்பேரலை, கிழக்குக் கரையோரத்து வீடுகளிலிருந்த பெட்டகங்களையும் கொண்டுசென்றது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த நூல்கள் ஏறத்தாழ 97,000 எனக் கணக்கிடப்பட்டது. அவ்விழப்பை எண்ணிச் சொல்ல நூற்பட்டியல் இருந்தது. நூலின் மற்றொரு படியைத் தேடிப்பெறவும் ஓரளவு இயன்றது. கூரையோடு எரிந்த பாட்டுக் கொப்பிகள் எத்தனை, உப்புநீரில் ஊறிய ஆர்மோனியங்கள் எத்தனை என்பதை எவரும் எண்ணவில்லை. அவற்றுக்கு மறுபடியும் இல்லை.

இன்று கைத்தொலைபேசியில் எப்பாடலும் எவ்வேளையும் கிடைக்கிறது; குரலை நீக்கிய இசை மட்டும் வேண்டுமெனினும் கிடைக்கிறது. பாடுபவருக்குப் பக்கத்தில் வாசிப்பவர் இருக்கவேண்டிய தேவை அருகிவிட்டது. இதனைப் பழிப்பதனாற் பயனில்லை. ஆயினும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அக்கொட்டில்களில் அமர்ந்த இளைஞர் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்த முதியோர். எந்த இடையிசையை எவர் பிடித்தார், எந்தக் கருவி எவ்வாறு வந்து சேர்ந்தது, முதன்முதலில் யார் ‘நாமே ஒன்று கட்டுவோம்’ என்றார் என்னும் செய்திகள் அவர்தம் நினைவில் மட்டுமே உள. பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் விடுமுறையில் ஊர் திரும்பும்போது கூத்தையும் அம்பாப் பாடலையும் தேடிப் பதிவதுபோல் இவற்றையும் கேட்டுப் பதிவாராயின், ஈழத்துத் தமிழிசை வரலாற்றின் விடுபட்ட அதிகாரமொன்று எழுதப்படும்.

மேடையின் வரலாறு சிலருடைய வரலாறு. ஒத்திகைக் கொட்டிலின் வரலாறு ஊரின் வரலாறு. கரைவலையில் முன்கயிறு பிடித்தவனின் பெயரைப் பலர் அறிவர். பின்கயிறு பிடித்தவர் பெயரை அறிவார் சிலரே. இருபுறமும் இழுத்தமையாலேயே வலை கரை சேர்ந்தது.